பூஜ்ஜியங்களுக்குப் பின்னால் ஒரு மனிதர்
பழைய விளையாட்டு இதழ்களைச் சான்றாக வாசித்தல்

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரலாற்றுச் சான்றுகள் பற்றிய பாடத்தை நாம் எல்லோரும் நடத்துகிறோம். முதல்நிலைச் சான்று, இரண்டாம்நிலைச் சான்று என்று கரும்பலகையில் இரண்டு கட்டம் போடுகிறோம். மாணவர்களும் படித்து, தேர்வில் சரியாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒரு சான்றைக் கையில் கொடுத்து, "இதிலிருந்து என்ன தெரிகிறது? இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. அச்சில் வந்துவிட்டால் அது உண்மை என்ற எண்ணம் பிள்ளைகளிடம் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. அந்த எண்ணத்தை எப்படி அசைப்பது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். 1905-இல் அமெரிக்காவில் ஒரே ஒரு பெரிய ஆட்டம் ஆடிய ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர். அவர் பெயர் ஆர்ச்சிபால்ட் கிரஹாம். 'மூன்லைட்' கிரஹாம் என்பார்கள்.

ஏன் பேஸ்பால்? முதல் காரணம், நம் வகுப்பில் யாருக்கும் அதில் அபிமான அணி கிடையாது. கிரிக்கெட்டை எடுத்தால் சான்றைப் பார்ப்பதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது, அந்தக் கால விளையாட்டு இதழ்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிலடெல்பியாவிலிருந்து 1883 முதல் 1917 வரை வந்த 'ஸ்போர்ட்டிங் லைஃப்' என்ற வார இதழை லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள எல்.ஏ.84 அறக்கட்டளை பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பழைய நாளிதழ்களை அப்படியே வைத்திருக்கிறது. நம் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் இவற்றைத் திறக்கலாம். மூன்றாவது, இந்தச் சான்றில் சொற்கள் குறைவு, எண்கள் அதிகம். ஆங்கிலத்தில் தயங்கும் பிள்ளையும் இதை வாசிக்க முடியும்.

ஒரு வரியில் ஒரு வாழ்க்கை

பேஸ்பால் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்சிலும் முதலில் வெளியூர் அணி மட்டை பிடிக்கும், பிறகு உள்ளூர் அணி. மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடிந்தது. இந்த விவரங்களை ஒரு சிறு பட்டியலில் அச்சிடுவார்கள். அதற்கு 'பாக்ஸ் ஸ்கோர்' என்று பெயர். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு வரி. எத்தனை முறை மட்டை பிடித்தார், எத்தனை ஓட்டம், எத்தனை ஹிட், எத்தனை பேரை அவுட் ஆக்கினார், எத்தனை அவுட்டுக்கு உதவினார், எத்தனை பிழை செய்தார் என்று ஆறு எண்கள்.

1905 ஜூன் 29, வியாழக்கிழமை. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி புரூக்ளினில் ஆடுகிறது. ஜயன்ட்ஸ் 11–1 என்று வெல்கிறது. எட்டாவது இன்னிங்சில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆட்டக்காரருக்குப் பதிலாகக் கிரஹாம் வலது எல்லைப்பகுதியில் பந்து தடுக்க நிறுத்தப்படுகிறார். ஒன்பதாவது இன்னிங்சில் ஜயன்ட்ஸ் மட்டை பிடிக்கும்போது அடுத்து இறங்க வேண்டியவர் அவர்தான். அவருக்கு முன்னால் ஆடிய கிளாட் எலியட் அடித்த பந்து கேட்ச் ஆகிவிட்டது. மூன்றாவது அவுட். கிரஹாமுக்கு மட்டை பிடிக்கும் வாய்ப்பே வரவில்லை. மறுபடி களத்தில் போய் நின்றார், ஆட்டம் முடிந்தது. அதன்பிறகு முதன்மை லீக்கில் அவர் ஆடவே இல்லை.

பேஸ்பால் கலைக்களஞ்சியத்தில் அவருக்கு உள்ள மட்டைப் பதிவு இதுதான். ஆட்டம் 1. மட்டை பிடித்தது 0. ஓட்டம் 0. ஹிட் 0.

ஒன்பதாம் வகுப்பில் இந்த வரியை நான் பலகையில் எழுதியபோது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், எல்லாம் பூஜ்ஜியம்னா அவர் ஆடலைன்னுதானே அர்த்தம்? அப்புறம் ஏன் ஆட்டம் ஒண்ணுன்னு போட்டிருக்கு?" சான்றை வாசிப்பது இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. எண் என்ன சொல்கிறது என்பதோடு, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதையும் அவள் கவனித்துவிட்டாள்.

தேடுவதற்கும் ஒரு முறை உண்டு

இப்போது மாணவர்களிடம், "இந்த ஆட்டத்தை அந்தக் கால இதழில் தேடுங்கள்" என்று சொல்லலாம். தேடத் தொடங்கியதும் சிக்கல்கள் ஒவ்வொன்றாக வரும். அந்தச் சிக்கல்கள்தான் பாடம்.

முதல் சிக்கல், தேதி. ஆட்டம் நடந்தது வியாழக்கிழமை. 'ஸ்போர்ட்டிங் லைஃப்' சனிக்கிழமைத் தேதியிட்டு வரும் வார இதழ். ஜூலை 1 இதழில் இல்லையென்றால் ஜூலை 8 இதழையும் பார்க்க வேண்டும். நிகழ்ந்த நாள் வேறு, அச்சான நாள் வேறு என்பது பிள்ளைகளுக்கு அப்போதுதான் உறைக்கிறது.

இரண்டாவது, பெயர். பட்டியலில் குடும்பப் பெயர் மட்டும்தான் இருக்கும். கிரஹாம் என்ற பெயரில் அந்தக் காலத்தில் பலர் ஆடியிருக்கிறார்கள். 1908 முதல் 1911 வரை பாஸ்டனில் ஆடிய 'பீச்சஸ்' கிரஹாம் ஒருவர். 1908 முதல் 1910 வரை செயின்ட் லூயிஸ் அணிக்குப் பந்து வீசிய பில் கிரஹாம் இன்னொருவர். நம் ஆள் யார்? அணி, ஆண்டு, ஆடிய இடம் மூன்றையும் பொருத்திப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, கணினி. பழைய அச்சு மங்கியிருக்கும். தேடுபொறி ஓர் எழுத்தை இரண்டு எழுத்தாகப் படித்துவிடும். பெயரைத் தட்டியதும் 'முடிவு எதுவும் இல்லை' என்று வந்தால், இதழில் இல்லை என்று பொருளல்ல. பக்கத்தைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். தட்டினால் வராதது உலகத்திலேயே இல்லை என்று நினைக்கும் தலைமுறைக்கு இது பெரிய பாடம்.

நான்காவது, பட்டியலையே சோதிப்பது. ஒன்பது இன்னிங்ஸ் முழுவதும் பந்து தடுத்த அணிக்கு 'அவுட் ஆக்கியது' என்ற பத்தியைக் கூட்டினால் 27 வர வேண்டும். ஒன்பது பெருக்கல் மூன்று. வராவிட்டால் எங்கோ அச்சுப்பிழை. இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்ததும் பிள்ளைகள் தாங்களாகவே ஒவ்வொரு பட்டியலையும் கூட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அச்சில் வந்ததைச் சோதிக்கலாம் என்று தெரிவதே அவர்களுக்குப் புதிது.

இவ்வளவும் செய்த பிறகு மூன்று கேள்விகளைப் பலகையில் எழுதச் சொல்வேன். யார் எழுதினார்? எதைப் பார்த்து எழுதினார்? யாரை விட்டுவிட்டார்? ஒவ்வொன்றுக்கும் அதே காலத்துப் பேஸ்பாலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன்.

யார் எழுதினார்?

அன்று பாக்ஸ் ஸ்கோர் தந்தி வழியாக ஊர் ஊராகப் போனது. மைதானத்தில் கணக்கெழுதியவர் பெரும்பாலும் உள்ளூர்ப் பத்திரிகை நிருபர். தந்தி அனுப்பியவர் ஒருவர், அச்சுக் கோத்தவர் மற்றொருவர். இத்தனை கைகள் மாறித்தான் ஒரு எண் வாசகரை அடைந்தது.

1912 மே 13 அன்று செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்காக லூ பிராக்டர் என்பவர் ஒரே ஒரு முறை மட்டை பிடித்ததாகப் பதிவானது. பல பதிப்புகளாகக் கலைக்களஞ்சியத்தில் அவருக்கும் ஒரு வரி இருந்தது. கிரஹாமைப் போலவே ஒரே ஆட்டக்காரர். ஆனால் பிற்கால ஆய்வில் அந்த இடத்தில் ஆடியவர் பீட் காம்ப்டன் என்று தெளிவானது. பிராக்டர் என்று ஓர் ஆட்டக்காரரே இல்லை. தந்தி அலுவலர் ஒருவர் தன் பெயரைத் தானே செருகிவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். 1980-களில் அந்தப் பெயர் கலைக்களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக, இல்லாத ஒருவர் அச்சில் இருந்தார்.

கிரஹாமின் வரியையும் பிராக்டரின் வரியையும் அருகருகே வைத்தால் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் தெரியும். ஒருவர் உண்மை, ஒருவர் பொய். வரியைப் பார்த்து மட்டும் அதைச் சொல்லிவிட முடியாது. வேறு சான்றோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும்.

எதைப் பார்த்து எழுதினார்?

1910-இல் அதிக மட்டைச் சராசரி பெறுபவருக்குக் கார் பரிசு என்று சால்மர்ஸ் நிறுவனம் அறிவித்தது. டெட்ராய்ட்டின் டை காப், கிளீவ்லாந்தின் நாப் லாஜோயே இருவருக்கும் போட்டி. காப் கடுமையான மனிதர், அவரைப் பிடிக்காதவர்கள் அதிகம். அக்டோபர் 9, கடைசி நாளில் செயின்ட் லூயிஸ் அணியின் மேலாளர், லாஜோயே எளிதாக ஹிட் எடுக்கட்டும் என்று தன் ஆட்டக்காரரைத் தள்ளி நிற்கச் சொன்னார். லாஜோயே பெரும்பாலும் பந்தை மெல்லத் தட்டித் தட்டியே இரண்டு ஆட்டங்களில் எட்டு ஹிட் எடுத்தார். பெரிய சர்ச்சையாகி, அந்த மேலாளரின் பதவி போனது. ஆயிரத்துக்கு 385 காப், 384 லாஜோயே என்று லீக் தலைவர் பான் ஜான்சன் அறிவித்தார். நிறுவனம் இருவருக்குமே கார் கொடுத்துவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. 1970-களின் இறுதியில் பீட் பாமர் என்ற ஆய்வாளர் லீக்கின் அன்றாடக் கணக்குத் தாள்களைப் பார்த்தபோது, காப் இரண்டு ஹிட் எடுத்த ஓர் ஆட்டம் இரண்டு முறை எழுதப்பட்டிருந்ததைக் கண்டார். அதை நீக்கினால் முந்துபவர் லாஜோயே. 1981-இல் 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' இதழ் இதை வெளியிட்டது. பேஸ்பால் ஆணையர் பதிவை மாற்ற மறுத்துவிட்டார்.

அந்த இரண்டு ஹிட் சிறிய விஷயமாகத் தோன்றலாம். காப்பின் மொத்தம் 4,191 என்றுதான் நாடு முழுவதும் நம்பியது. 1985 செப்டம்பர் 11 அன்று பீட் ரோஸ் 4,192-ஆவது ஹிட் எடுத்தபோது ஆட்டத்தை நிறுத்திக் கொண்டாடினார்கள். திருத்திய கணக்கில் காப்புக்கு 4,189. அப்படியானால் மூன்று நாள் முன்பு சிகாகோவில், யாரும் கொண்டாடாத ஆட்டத்திலேயே சாதனை முறிந்துவிட்டது. கொண்டாட்டம் உண்மை, கண்ணீர் உண்மை, அது நடந்த நாள் மட்டும் பழைய தாளில் எழுந்த பிழை.

இங்கே மாணவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்கிறார்கள். கலைக்களஞ்சியம் லீக் கணக்கைப் பார்த்து எழுதியது. லீக் கணக்கு ஆட்டத் தாளைப் பார்த்து எழுதியது. பத்து நூல்கள் ஒரே எண்ணைச் சொன்னாலும் அவை பத்துச் சான்றுகள் அல்ல, ஒரு சான்றின் பத்து நகல்கள். ஐந்து இணையதளங்களில் பார்த்தேன், ஐந்திலும் இருக்கிறது என்று ஒப்படைப்பில் எழுதிவரும் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

யாரை விட்டுவிட்டார்?

மூன்றாவது கேள்விதான் மிக முக்கியம் என்று நினைக்கிறேன்.

கிரஹாம் ஒரே ஆட்டம் ஆடினார், ஓர் எண்கூட எடுக்கவில்லை. ஆனாலும் அவர் பெயர் அச்சில் நிலைத்தது. அதே காலத்தில் மிகச் சிறப்பாக ஆடிய கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு முதன்மை லீக்கில் இடமில்லை. எழுதப்பட்ட விதி எதுவும் கிடையாது. ஆனால் 1880-களிலிருந்து 1947-இல் ஜாக்கி ராபின்சன் களமிறங்கும் வரை யாரும் சேர்க்கவில்லை. பெரிய விளையாட்டு இதழ்களும் அவர்களுடைய ஆட்டங்களை அரிதாகவே அச்சிட்டன. 'ஸ்போர்ட்டிங் லைஃப்' ஒன்றை மட்டும் வாசிக்கும் மாணவர், அப்படி ஆட்டக்காரர்களே இல்லை என்றுதான் நினைப்பார்.

அவர்களைத் தேட வேறு இதழ்களுக்குப் போக வேண்டும். கறுப்பின மக்கள் தாங்களே நடத்திய 'சிகாகோ டிஃபெண்டர்', 'பிட்ஸ்பர்க் கூரியர்' போன்ற நாளேடுகளும் வார ஏடுகளும். கிரஹாம் ஆடிய அதே 1905-இல்தான் டிஃபெண்டர் தொடங்கியது. 1920-இல் ரூப் ஃபாஸ்டர் நீக்ரோ தேசிய லீக்கைத் தொடங்கினார். அந்த ஏடுகளில் சிதறிக் கிடந்த பாக்ஸ் ஸ்கோர்களை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். 1920 முதல் 1948 வரையிலான அந்த லீக்குகளை முதன்மை லீக்குகளாக ஏற்பதாக 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. 2024 மே மாதம் அந்த எண்கள் அதிகாரப்பூர்வப் பதிவில் சேர்ந்தன. வாழ்நாள் மட்டைச் சராசரியில் பல பத்தாண்டுகளாக முதலிடத்தில் இருந்தவர் டை காப், ஆயிரத்துக்கு 367. இப்போது முதலிடம் ஜாஷ் கிப்சனுக்கு, 372. கிப்சன் இறந்தது 1947 ஜனவரியில். ராபின்சன் களமிறங்கியது அதே ஆண்டு ஏப்ரலில். தன் பெயர் முதலிடத்தில் வந்ததை அவர் பார்க்கவில்லை. ஆனால் யாரோ ஒருவர் அன்று ஒரு சிறு ஏட்டில் அவருடைய வரியை அச்சிட்டு வைத்ததால்தான் இன்று அது திரும்பக் கிடைத்தது.

எந்தச் சான்றை எடுத்தாலும், இதில் யார் இல்லை என்று கேட்கும் பழக்கம் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால், சமூக அறிவியல் ஆசிரியராக நம் வேலையில் பாதி முடிந்தது.

படமும் பதிவும்

கிரஹாமிடம் திரும்பி வருகிறேன். கனடா எழுத்தாளர் கின்செல்லா கலைக்களஞ்சியத்தில் அந்தப் பூஜ்ஜிய வரியைப் பார்த்து வியந்து, 1982-இல் வந்த தன் 'ஷூலெஸ் ஜோ' நாவலில் அவரைப் பாத்திரமாக்கினார். 1989-இல் 'ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்' என்ற படமாக வந்தது. படத்தில் அவர் ஆடியது 1922-இல், பருவத்தின் கடைசி நாளில். இறந்தது 1972-இல். உண்மையில் ஆடியது 1905 ஜூனில், இறந்தது 1965 ஆகஸ்ட்டில். படத்தில் அந்த ஓர் ஆட்டத்தோடு விளையாட்டை விட்டுவிடுகிறார். உண்மையில் ஸ்கிரான்டன் முதலிய ஊர்களின் சிறிய லீக்குகளில் 1908 வரை ஆடினார். இதை நமக்குச் சொல்வது பழைய இதழ்களின் சிறிய எழுத்துப் பட்டியல்கள்தான். படத்தையும் பட்டியலையும் ஒப்பிட்டு வேறுபாடுகளைக் கண்டுபிடிக்கச் சொன்னால், பிள்ளைகள் ஒரு பாடவேளையில் முடித்துவிடுவார்கள்.

ஆனால் விளையாட்டு இதழ் 1908-உடன் அவரை விட்டுவிடுகிறது. அதற்குமேல் அவரைத் தேட மருத்துவ இதழுக்கும் உள்ளூர்ப் பத்திரிகைக்கும் போக வேண்டும். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த அவர், மின்னசோட்டாவில் இரும்புச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த சிஸ்ஹோம் என்ற சிறு ஊரில் குடியேறினார். அங்கே நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளி மருத்துவராக இருந்தார். மணந்துகொண்டதும் ஒரு பள்ளி ஆசிரியையைத்தான். மாயோ மருத்துவமனை ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஐந்து முதல் பதினாறு வயதுவரை உள்ள பள்ளிப் பிள்ளைகளின் இரத்த அழுத்தம் பற்றி 1945-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அந்த ஊரின் பிள்ளைகள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை அளந்து பார்த்து எழுதியது அது.

அவருடைய தம்பி ஃபிராங்க் கிரஹாமை நாம் வேறோர் இடத்தில் சந்திக்கலாம். 1951-இல் காஷ்மீர்ச் சிக்கலுக்காக ஐக்கிய நாடுகள் சபை நியமித்த பிரதிநிதி அவர்தான். இந்தச் செய்தியைக் கேட்டதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

ஆக, ஒரே மனிதர். விளையாட்டுக் கலைக்களஞ்சியத்தில் அவர் ஒரு வரிசைப் பூஜ்ஜியம். ஒரு சுரங்க ஊரில், இரண்டு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்த மருத்துவர். இரண்டு பதிவும் உண்மை. எந்தப் பதிவேட்டைத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்து மனிதர் மாறித் தெரிகிறார்.

வகுப்பில் செய்ய

இதற்கு இரண்டு பாடவேளை போதும். முதல் பாடவேளையில் ஒரே ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோரை இரண்டு இதழ்களிலிருந்து அச்செடுத்துக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுங்கள். ஆறு பத்திகளின் பெயரையும் தமிழில் பலகையில் எழுதிவிடுங்கள். 27 கூட்டிப் பார்க்கட்டும், இரண்டு பட்டியலுக்கும் வேறுபாடு தேடட்டும். இரண்டாவது பாடவேளையில் பட்டியலோடு வந்த செய்தியை நீங்கள் தமிழில் சுருக்கிச் சொல்லுங்கள். மூன்று கேள்விகளுக்கும் குழுவாக விடை எழுதட்டும். மதிப்பிடும்போது விடைக்கு ஒரு மதிப்பெண் என்றால், "எப்படித் தெரியும்?" என்பதற்கு இரண்டு மதிப்பெண் கொடுங்கள். சரியான விடையைவிடச் சரியான காரணம் பெரிது என்று பிள்ளைகளுக்கு அப்படித்தான் புரியும். கணித ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் கூட இருந்தால் இன்னும் நல்லது.

நிறைவாக ஒன்று. நாமும் ஒவ்வொரு நாளும் பதிவு எழுதுகிறவர்கள். வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ். நாளை யாராவது அவற்றைத் திறந்தால் ஒரு பிள்ளைக்கு எதிரே சில எண்கள் இருக்கும், சில பூஜ்ஜியங்களும் இருக்கும். அந்தப் பிள்ளை அவ்வளவுதானா என்று அவர்கள் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கத் தெரிந்தவர்களை உருவாக்குவது நம் கையில் இருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் பழைய அச்சுச் சான்று ஒன்றைக் கொண்டுவாருங்கள். மூன்று கேள்விகளையும் சேர்ந்தே கேட்டுப் பார்ப்போம்.